பாண் வண்டிப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

அந்தப் பாட்டு தெரமுரா சானுடையதா, இல்லையா? ஊருக்குப் போய்வந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. காலில் அட்டை கடித்த தழும்புகூட மறைந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியாமலேயே அடுத்த மாதம் நான் ஒரு மேடையில் ஏறிப் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் தெரமுரா சான் யாரென்று சொல்லிவிடுகிறேன். ‘சான்’ அவருடைய பெயரில் சேர்ந்ததல்ல. நாம் ‘வாங்க, போங்க’ என்று வினையில் வைக்கும் மரியாதையை ஜப்பானியர்கள் பெயருக்குப் பின்னால் வைக்கிறார்கள். எங்கள் அடுக்குமாடியில் எங்களுக்கு நேர் மேலே தனியாகக் குடியிருக்கும் பெண்மணி. பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறார். என் கணவருக்கு ஃபேக்டரியில் இரண்டு ஷிஃப்ட் விழும் நாட்களில் என் மகள் மீராவைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அதற்கெல்லாம் முன்னால், இளவயதில், வீடியோ கேம்களுக்கு இசை எழுதியவர்.

நாங்கள் ஜப்பானுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் மேலேயிருந்து பியானோ கேட்டது. கைக்குழந்தையோடு அறைக்குள்ளேயே அடைந்து கிடந்த எனக்கு அந்த மெட்டைக் கேட்டதும் வாயில் எச்சில் ஊறியது. கொழும்புக்கு அப்பால் ருவான்வெல்லைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னேரத்தில் பாண், அதாவது பிரெட், கொண்டுவரும் த்ரீவீல், கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிப் போட்டுக்கொண்டு வரும் பாட்டு அது. டியூனோடு வருவதால் நாட்டில் எல்லோரும் சூன் பாண் என்பார்கள். சத்தம் கேட்டதும், லயம் என்று நாங்கள் சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவோம்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிப்போய் மணியை அடித்தேன். ஜப்பானில் சொல்லாமல்கொள்ளாமல் யார் வீட்டு மணியையும் அடிக்கக்கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. கதவைத் திறந்தவரிடம், தெரிந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு, “இது எங்கள் ஊர் பாண் பாட்டு” என்றேன். நல்லவேளை, ஜப்பானிலும் பாணுக்குப் பெயர் ‘பான்’தான். இரண்டு நாட்டுக்கும் போர்த்துக்கேயர் கொண்டுவந்து போட்ட சொல்.

அவர் தன்னையே விரலால் சுட்டிக் காட்டினார். அது அவர் எழுதிய பாட்டு.

அவருடைய கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. இசைக் கல்லூரியில் படித்து முடித்தபோது வீட்டில் அவருக்கு வைத்திருந்தது இரண்டு வழி: டீச்சர் வேலை, இல்லாவிட்டால் கல்யாணம். அவர் ஒரு கேம் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்து மெஷினில் ஒரே நேரத்தில் மூன்று சுரம்தான் ஒலிக்கும். நாலாவதாக ஒரு இரைச்சல் உண்டு, அதுதான் மேளம். ஆட்டத்தில் ஏதாவது வெடித்தால், வெடிச் சத்தம் அந்த மூன்றில் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். மூன்று அடுப்பில் கல்யாணச் சமையல் செய்யச் சொல்லிவிட்டு, நடுவில் ஒருவன் வந்து ஒரு அடுப்பைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி என்று எனக்கு நானே விளங்கப்படுத்திக்கொண்டேன்.

எங்கள் பாண் பாட்டு, அவருடைய கேமில் கடைப் பாட்டு. ஆட்டக்காரர் கடைக்குள் நுழைந்தால் ஒலிக்கும். வாங்கி முடித்து வெளியே வந்தால் நிற்கும். அதற்கு முடிவென்று ஒன்று எழுதப்படவே இல்லை. எவ்வளவு நேரம் நின்றாலும் சலிக்கக்கூடாது, அவசரமும் படுத்தக்கூடாது. அதற்காக ஒரு மாதம் உழைத்தாராம். ஆளைப் பக்கத்துக் கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும் என்று அந்தக் காலத்தில் கேமில் உண்மைப் பெயரைப் போடமாட்டார்களாம். பிறகு அந்தப் பாட்டுகள் இசைத்தட்டாக வந்தபோது, கடைப் பாட்டின் கீழே அவருடைய மேலாளரின் பெயர் இருந்தது.

“நீங்கள் கேட்கவில்லையா?” என்றேன்.

“அடுத்த கேமுக்கு நேரமாகிவிட்டிருந்தது” என்றார்.

பிறகு மெஷின்கள் வளர்ந்தன. நூறு வாத்தியம் வைத்து வாசிக்கலாம் என்று ஆனபோது மூன்று சுரத்துக்காரர்களைத் தேட ஆளில்லை. அவர் கம்பெனியை விட்டு வெளியேறி, சூதாட்ட மெஷின்களுக்கும் லிஃப்டுகளுக்கும், கடைசியில் ரைஸ் குக்கர்களுக்கும் இசை எழுதினார். எங்கள் வீட்டுக் குக்கர் சோறு வெந்ததும் பாடுவதும் அவருடையதுதான். அதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். கடைசிச் சுரத்தை யாரோ மாற்றிவிட்டார்களாம்.

இப்போது பழைய கேம் இசைப் பிரியர்கள் சேர்ந்து ஒரு கூட்டம் வைக்கிறார்கள். தொழில் வாழ்க்கையைப் பற்றிப் பேச அவரை அழைத்திருக்கிறார்கள். கடைப் பாட்டை எழுதியது நான்தான் என்று அங்கே முதன்முறையாகச் சொல்லப்போகிறார். மேலாளர் இறந்துவிட்டார், யாரோடும் சண்டை பிடிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. நான் எழுதியது, என் பெயர் இல்லாமலே இவ்வளவு தூரம் போய் ஒரு ஊருக்குப் பாண் விற்றிருக்கிறது, இதோ கேளுங்கள் என்று அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டவேண்டும். அவ்வளவுதான். அதைப் பதிவு செய்ய என்னோடு ஊருக்கு வருகிறேன் என்றார். என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு சொல்லை நம்பி.

அன்றைக்கே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, “அந்தப் பாண் பாட்டுக்குச் சொந்தக்காரங்க வாராங்க, வீட்டக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வைங்க” என்றேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பட்ட பாடு எல்லாம் இதிலிருந்துதான்.

விமான நிலையத்துக்கு அக்காவின் கணவர் கணேசன் மச்சான், கூட்டாளியின் வேனோடு வந்திருந்தார். ஏசி வேன் என்று சொல்லியிருந்தார். ஏசி இருந்தது, வேலை செய்யவில்லை. ஏசி வேன் என்பதால் ஜன்னல்களும் திறக்காது. மீரா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். தெரமுரா சான் தன் பையிலிருந்து மடித்து வைத்த பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டே, மறு கையில் ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்து வேனின் வைப்பர் சத்தத்தைப் பதிவு செய்தார். வைப்பரில் மூன்று தட்டுக்கு ஒரு தட்டு தவறுகிறதாம். அது அருமையாக இருக்கிறதாம். எனக்கு மூன்று தட்டுக்கு ஒருமுறை ரோடே தெரியவில்லை.

கரவனெல்ல தாண்டித் தோட்ட ரோட்டில் ஏறியதும் பின் சக்கரம் ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கிவிட்டது.

“வேன் நல்ல வேன்தான்” என்றார் மச்சான், இறங்கிப் பார்த்துவிட்டு. “ரோட்டுதான் சரியில்ல.”

மிச்சத் தூரம் மழையில் நடை. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறும்போது அட்டைகள் எங்களை ஆவலோடு வரவேற்றன. நான் ஒவ்வொன்றாகப் பிய்த்தெறிந்து கத்திக்கொண்டிருந்தேன். பிறந்து வளர்ந்த இடத்து அட்டைக்கு இப்படிக் கத்துவது எனக்கே வெட்கமாக இருந்தது. தெரமுரா சான் சப்பாத்துக்கு மேலே இரண்டு நெகிழி உறைகளை மாட்டிக்கொண்டு அமைதியாக ஏறினார். லயத்து வாசலில் அந்த உறைகளைக் கழற்றி, மடித்து, நாலு மூலையும் சரியாக வரும்படி இன்னொருமுறை மடித்து, பைக்குள் வைத்தார்.

அக்கா ரொட்டி சுட்டு, மிளகாயில் கட்ட சம்பல் இடித்து, பலாக்காய்க் கறியும் கருவாடும் வைத்திருந்தார். தெரமுரா சானுக்குச் சம்பலில் கண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டே “மிக ருசி” என்றார். இன்னொரு ரொட்டியும் எடுத்தார். மீரா எதையும் தொடவில்லை. அவளுக்குப் பாண் வேண்டும். ஜப்பானிய மொழியில் கேட்டாள்.

“புள்ளைக்கு தமிழே சொல்லிக் குடுக்கலையா?” என்றார் அக்கா.

“தெரியும் அக்கா. வெக்கப்படுறா.”

“வெக்கப்படுற புள்ள இவ்வளவு சத்தமாவா அழும்?”

லயத்து அறைகளைக் காம்பிரா என்போம். பக்கத்துக் காம்பிராக்காரர்கள் வந்து சுவரோரமாக நின்றார்கள். அந்தம்மா என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டார்கள். கேமுக்கு மியூசிக் போட்டவங்க என்றேன்.

“சினிமாவுக்கா?”

“இல்லைங்க. இந்த ஃபோன்ல வெளையாடுறாங்களே, அதுக்கு.”

“அதுக்கெல்லாம் ஒரு ஆளு ஒக்காந்து போடணுமா? அதுவா வராதா?”

இதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, என்ன கேட்கிறார்கள் என்று தெரமுரா சானே கேட்டார். சொன்னேன். அவர் தலையை ஆட்டி, “என் அம்மாவும் கடைசிவரை அதைத்தான் கேட்டார்” என்றார். அதைச் சொன்னதும் சுவரோரம் முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு அவரை யாரும் அந்தம்மா என்று சொல்லவில்லை. ஜப்பான் நோனா என்றுதான். சிங்களத்தில் நோனா என்றால் சீமாட்டி.

பின்னேரம் ஆனது. தெரமுரா சான் கருவியோடு வாசலில் போய் நின்றார். நான் குடை பிடித்தேன். பாண் வண்டி வரவில்லை.

“முந்தாநாள்கூட வந்திச்சே” என்றார் அக்கா.

மறுநாள் காலையில் ரப்பர் பால் வெட்டு இல்லை, மழை. மச்சான் வீட்டிலேயே இருந்தார். தெரமுரா சான் கூரைத் தகரத்தில் விழும் மழையையும், பிரஷர் குக்கரின் விசிலையும், கக்கூஸ் கதவின் கீச்சையும் பதிவு செய்தார். ஒவ்வொரு முறையும் ஒரு கையை உயர்த்துவார். எல்லோரும் பேச்சை நிறுத்தவேண்டும். முதலில் அக்காவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. மதியம் போல வேடிக்கை தீர்ந்துவிட்டது.

“எங்க வீட்டுல நாங்க பேசக்கூடாதாம்மா?” என்றார் என்னிடம். “சட்டி கழுவினா கைய தூக்குறாங்க. இருமினா கைய தூக்குறாங்க. பொலிஸ் மாதிரி.”

அன்றைக்குப் பின்னேரமும் பாட்டு கேட்கவில்லை. ஆனால் கீழ் லயத்திலிருந்து ஒரு பெண் கையில் இரண்டு இறாத்தல் பாணோடு ஏறி வந்தார். எங்கே வாங்கினீர்கள் என்றேன். ரப்பர் ஸ்டோர் பக்கத்தில் பாண் விற்கும் நவாஸ் நானாவின் வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றதாம். எட்டிப் பார்த்தவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டதாம்.

“பாட்டு போடலையா?”

“போடல. கேட்டா, வாயில வெரல வச்சு ‘ஸ்ஸ்’னு சொல்லுறாரு.”

பாட்டுப் போடாததால் மேல் லயத்தில் யாருக்கும் பாண் கிடைக்கவில்லை. நாங்கள் வந்ததிலிருந்துதான் இப்படி என்று பக்கத்துக் காம்பிராவில் யாரோ சொன்னது, நடுச்சுவருக்கு மேலே தெளிவாகக் கேட்டது. மீரா பிஸ்கட்டில் உயிர் வாழ்ந்தாள். மூன்று வேளையும் பிஸ்கட் தின்றால் மலச்சிக்கல் வருமா, சம்பலைக் கழுவிக் கொடுக்கலாமா என்று நான் கணவருக்குச் செய்தி அனுப்பினேன். சிக்னல் கிடைக்காமல் அந்தச் செய்தி, நாங்கள் கொழும்புக்குத் திரும்பும் வரை, என் ஃபோனிலேயே கிடந்தது.

அடுத்த நாள் ருவான்வெல்லை பஜாருக்குப் போனோம். பஸ்ஸில் தெரமுரா சானுக்கு இடம் கொடுக்க மூன்று பேர் எழுந்தார்கள். பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த எனக்கு ஒருவரும் எழவில்லை. பேக்கரிக்குப் பின்னால் த்ரீவீல் நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் வைத்த மாலு பாணும் முதலை வடிவக் கிம்புலா பணிஸும் அடுக்கியிருந்தன. கூரையில் ஒலிபெருக்கி இருந்த இடத்தில் நாலு ஓட்டை மட்டும்.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். வண்டிக்கார நவாஸ் நானாவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்போது அவருடைய வாப்பா ஓட்டுவார். இவர் பின்னால் தொங்கிக்கொண்டு வருவார். என்னைக் கண்டதும் சிரித்தார். எனக்குப் பின்னால் தெரமுரா சானைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“நானா, ஏன் பாட்டு போடுறதில்ல?”

“பாட்டா? என்ன பாட்டு? எனக்கு ஒரு பாட்டும் தெரியா தங்கச்சி.”

“பெட்டி எங்க?”

“பெட்டி பழுது.”

“என்ன பழுது?”

“தெரியா. பழுது எண்டா பழுதுதானே.”

பத்து நிமிடம் இப்படியே போனது. மழைச் சட்டைக்குள் மீரா அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து இந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் இவரைக் கூட்டி வந்தேன் நானா, என் பிள்ளை மூன்று நாளாகப் பாண் இல்லாமல் கிடக்கிறது என்று உடைந்த குரலில் சொன்னேன். அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, உள்ளத செல்லுங்க. கேஸ் போடவா வந்தீக்கிற?”

“என்ன கேஸ்?”

“ஒங்கட மச்சான்தானே வந்து சென்ன, பாட்டுட அயித்திகார நோனா ஜப்பான்ல இருந்து வாராங்க எண்டு. நான் ஏழு ஊருல அத போட்டுக்கொண்டு போற. எனக்கு ஊட்டுல மூணு புள்ள இரிக்கி.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அக்காவிடம் ‘சொந்தக்காரங்க’ என்றேன். அக்கா அதைக் கணவரிடம் அப்படியே சொன்னார். மச்சான் பேக்கரியில் வேலை செய்யும் சிங்களப் பையன்களிடம் பெருமையாக அதைச் சிங்களத்தில் போட்டார்: அயித்திகார நோனா. தமிழில் சொந்தக்காரர் என்றால் கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காருபவரும் ஆகலாம், நிலப் பத்திரமான காணி உறுதியோடு வருபவரும் ஆகலாம். சிங்களத்தில் போனதும் காணி உறுதிக்காரி மட்டும்தான் மிஞ்சினார். பேக்கரியில் இருந்த ஒருவர், வெளிநாட்டில் பாட்டுத் திருடினால் வண்டியையே பறித்துவிடுவார்கள் என்று வேறு சொல்லியிருக்கிறார். நானா அன்றைக்கே பெட்டியைக் கழற்றி வீட்டு மாவு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

“கேஸ் இல்ல நானா. கேட்டுட்டுப் போகத்தான் வந்தாங்க.”

“கேட்டுட்டு?”

“போயிருவாங்க.”

“இதுக்கா பிளேன்ல வார?” என்றார். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தெரமுரா சான் என்ன பேச்சு என்று கேட்டார். வெட்கத்தோடு சொன்னேன். அவர் உடனே நானாவுக்கு முன்னால் போய் நின்று, இடுப்பு வரை குனிந்து, நெடுநேரம் நிமிராமல் நின்றார். உங்கள் தொழிலுக்கு இடைஞ்சல் செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்றார். பஜாரில் போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

“அனே, எழும்பச் செல்லுங்க தங்கச்சி” என்றார் நானா பதறி. “எழும்பச் செல்லுங்க. நான் நாளைக்கு வாறன். பாட்டோட வாறன்.”

வந்தார். மழை விட்டு வெயில் லேசாக அடித்த பின்னேரத்தில், ஸ்டோர் வளைவுக்கு அப்பால் முதலில் கரகரப்பு கேட்டது. பிறகு பாட்டு. மேல் லயம், கீழ் லயம் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. தெரமுரா சான் கையை உயர்த்தினார். இந்த முறை அக்காவும் வாயை மூடிக்கொண்டார். நானா எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் ஓடவிட்டார்.

நான் தெரமுரா சானுடைய முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பயம். ஏனென்றால் ஆரம்பம் அதேதான். ஆனால் தெரமுரா சானின் பியானோவில் மெட்டு ஏறும் இடத்தில், வண்டியில் அது இறங்கியது. பழைய பெட்டி, தேய்ந்துவிட்டது, பேட்டரி இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து வந்தது. மறுபடியும் இறங்கியது.

“அம்மா, இது வேற” என்றாள் மீரா, தெளிவான ஜப்பானிய மொழியில். தெரமுரா சானிடம் பியானோ கற்கும் பிள்ளை அவள். கூட்டத்தில் அது விளங்கியது மூன்று பேருக்குத்தான். நான் அவளுடைய வாயைப் பொத்தினேன்.

தெரமுரா சான் இன்னொருமுறை போடச் சொன்னார். கேட்டார். இன்னொருமுறை. பிறகு கருவியை நிறுத்தினார்.

நானாவுக்குப் பொறுக்கவில்லை. “தங்கச்சி, கேளுங்க. நோனாட பாட்டுதானா?”

ஊரே என்னைப் பார்த்தது. நான் ஜப்பானிய மொழியில் கேட்டேன். தெரமுரா சான் வண்டியைப் பார்த்தார், பாண் அடுக்கைப் பார்த்தார், என் கைக்குள் திமிறிக்கொண்டிருந்த மீராவைப் பார்த்தார். “ஷின்செகி, இல்லையா?” என்றார்.

ஷின்செகி என்றால் சித்தி, மாமா, ஒன்றுவிட்ட தங்கை. இரத்த உறவு, கல்யாண உறவு. தமிழில் அதற்கு எனக்குச் சட்டென்று வந்தது ஒரே ஒரு சொல்.

“சொந்தமாம்” என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். மச்சான் விசிலடித்தார். “நாந்தான் சொன்னேனே” என்றார் அக்கா, எதைச் சொன்னார் என்று தெரியவில்லை. நானா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு மாலு பாண் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மீரா இரண்டு கையிலும் வாங்கி, வாழ்நாளில் பார்க்காத மாதிரி சாப்பிட்டாள். தெரமுரா சான் கிம்புலா பணிஸின் முதலை வாலிலிருந்து தின்ன ஆரம்பித்தார். ஏழு ஊருக்கும் இனி தைரியமாகப் போடலாமா என்று நானா கேட்டார். போடலாம் என்றார் தெரமுரா சான், வாயில் சீனியோடு. நிறுத்தவே வேண்டாம் என்றார்.

புறப்படும் முன் நானாவைத் தனியாகப் பிடித்தேன். “இது வாப்பா காலத்து பெட்டிதானே?”

“அது வெள்ளத்துல போயிட்டு. இது பொறகு வாங்கின.”

“பாட்டு அதே பாட்டா?”

“பாண் பாட்டு பாண் பாட்டுதானே, தங்கச்சி.”

வீட்டில் கேட்டேன். அக்கா அதேதான் என்றார். மச்சான், இல்லை, பழையது கடைசியில் கொஞ்சம் ஏறும் என்றார். எங்கே ஏறும் என்று பாடிக் காட்டச் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் ஏறினார். பக்கத்துக் காம்பிராவில் மூன்று பேரைக் கேட்டு மூன்று பாட்டு கிடைத்தது. எனக்கும் இப்போது என் காதில் நம்பிக்கை இல்லை. முதல் குளிர்காலத்தில் பசியிலும் தனிமையிலும் கேட்ட பியானோவுக்கு மேலே நானே பாண் பாட்டை ஒட்டிவிட்டேனா? இல்லை, அது உண்மையிலேயே அதே பாட்டாக இருந்து, வெள்ளத்தோடு போய்விட்டதா?

விமானத்தில் தெரமுரா சான் ஒலிப்பதிவுகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு வந்தார். வைப்பர், தகரம், கக்கூஸ் கதவு. பாண் வண்டிக்கு என்ன பெயர் வைத்தார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. உங்களுடையதா என்று நேரே கேட்டால் என்ன? பல முறை வாய் திறந்தேன். அவரே முந்திக்கொண்டார்.

“அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்களே. நீ என்ன சொன்னாய்?”

“நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன்.”

“அப்படியானால் கூட்டத்திலும் அதையே சொல். நான் பாட்டைப் போட்டுக் காட்டியதும், சின்ன வயதில் இதைக் கேட்டவள் என்று உன்னைக் கூப்பிடுவேன்.” பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா என்று தெரியாது.

அதையே சொல்வது எப்படி? தமிழில் ‘சொந்தம்’ என்று ஒரே சொல்லில் தப்பித்துவிட்டேன். ஜப்பானிய மொழியில் அது இரண்டு சொல். ‘அவருடையது’ என்று சொன்னால், அவர் வாழ்நாளில் ஒருமுறை தன் பெயரைச் சொல்லப்போகும் இடத்தில், அந்தப் பெயரோடு ஒரு பொய்யையும் சேர்த்துவிடுகிறேனோ என்று பயம். ‘உறவு’ என்று சொன்னால், மேலாளரின் பெயர் போட்ட இசைத்தட்டைக் கையில் வைத்திருக்கும் யாராவது, அப்படியானால் உங்களுடையது இல்லைதானே என்று கேட்டுவிடுவார்கள். எழுதியதையே சந்தேகிப்பார்கள். ஒன்றுமே சொல்லாமல் இருக்கலாம் என்றால், மேடைக்குப் பக்கத்தில் மீரா இருப்பாள். அவள் வாயைப் பொத்த இந்த முறை என் கை எட்டாது.

ருவான்வெல்லை, கரவனெல்லப் பக்கம் வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். வெள்ளத்துக்கு முன்னால், நவாஸ் நானாவின் வாப்பா ஓட்டிய வண்டியில், அந்தப் பாட்டு நடுவில் ஏறியதா, இறங்கியதா? யாருக்கும் ஞாபகம் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். ஞாபகம் இல்லாதவர்கள், நீங்கள் என் இடத்தில் இருந்தால் அந்த மேடையில் எந்தச் சொல்லைச் சொல்வீர்கள் என்றாவது எழுதுங்கள்.